கடலடியில் எரிவாயு கிடைத்தபின்: கண்டுபிடிப்புக் கிணற்றிலிருந்து முதல் வாயு வரை

கேள்வி இதுதான்: "கடலில் பெரிய எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது என்று செய்தி வருகிறது. பிறகு ஐந்து, பத்து ஆண்டுக்குப் பேச்சே இல்லை. கிணற்றில் வாயு வந்துவிட்டதென்றால் குழாயைப் போட்டு எடுக்க வேண்டியதுதானே? இடையில் என்னதான் செய்கிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள்?"

எண்ணெயிலிருந்து தொடங்கினால் எளிதாகப் புரியும். எண்ணெய் கிடைத்தால் வாடகைக்கு ஒரு மிதவைக் கப்பலைக் கொண்டுவந்து, இரண்டு கிணற்றிலிருந்து எடுத்து, டேங்கரில் ஏற்றி விற்றுக்கொண்டே வயலைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். வாயுவுக்கு அந்த வசதி கிடையாது. அதைத் தேக்கிவைக்க முடியாது. கரைக்குக் குழாய் வேண்டும், இல்லையேல் திரவமாக்கும் ஆலை வேண்டும். இரண்டும் முதல் நாளிலேயே முழு அளவில் கட்டப்பட வேண்டியவை. அவற்றுக்குக் கடன் கொடுப்பவர், 15 அல்லது 20 ஆண்டுக்கு வாங்குபவரின் ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்வார். வாங்குபவரோ, தினம் இவ்வளவு தருவீர்களா என்று கேட்பார். ஆக, வயல் ஒரு நாள்கூட உற்பத்தி செய்யாத நிலையில் குழாயின் விட்டத்தையும் தினசரி அளவையும் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. மதிப்பீட்டுக் கட்டம் முழுவதும் அந்த ஒரு கையெழுத்துக்கான தயாரிப்பு. "எவ்வளவு வாயு இருக்கிறது" என்பது அதில் பாதிக் கேள்விதான். "அதில் எவ்வளவு ஒன்றோடொன்று இணைந்திருக்கிறது, எந்த வேகத்தில் வெளியே வரும்" என்பது மீதிப் பாதி. சறுக்கியவர்களில் பெரும்பாலோர் சறுக்கியது இந்த இரண்டாம் பாதியில்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு கற்பனை வயல்: பரப்பு 60 சதுர கிலோமீட்டர், வாயு நிரம்பிய பகுதியின் சராசரி உயரம் 50 மீட்டர். மொத்தப் பாறைக் கனஅளவு 300 கோடி கன மீட்டர். அதில் நல்ல மணற்பாறை 60 சதவீதம், மீதி களிப்பாறை. மணற்பாறையில் நுண்துளை 22 சதவீதம். அந்தத் துளையில் 75 சதவீதம் வாயு, மீதி அகலாத நீர். இவை எல்லாவற்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 29.7 கோடி கன மீட்டர் இடம். 300 பார் அழுத்தத்திலும் 90 பாகை வெப்பத்திலும் அங்கே அடைந்துகிடக்கும் வாயு மேலே வரும்போது ஏறக்குறைய 240 மடங்கு விரியும். மொத்தம் சுமார் 7,100 கோடி கன மீட்டர், அதாவது 2.5 டிரில்லியன் கன அடி. நடுத்தர வயல்.

இந்தப் பெருக்கலில் ஐந்து எண்கள் இருக்கின்றன: பாறைக் கனஅளவு, மணற்பாறையின் பங்கு, நுண்துளையின் பங்கு, அதில் வாயுவின் பங்கு, விரிவு விகிதம். கண்டுபிடிப்புக் கிணறு ஒன்றே ஒன்றை, அதாவது அழுத்தமும் வெப்பமும் சார்ந்த விரிவு விகிதத்தை, உறுதியாகத் தருகிறது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை எட்டரை அங்குல விட்டமுள்ள ஒரு துளையில் அளந்து, 60 சதுர கிலோமீட்டருக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொள்கிறோம். ஐந்திலும் சிறுசிறு பிழை இருந்தால் அவை ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும். அதனால்தான் ஒரே எண்ணைச் சொல்லாமல் பி90, பி50, பி10 என்று மூன்று எண்களைச் சொல்கிறார்கள். பி90 என்றால் அதற்குக் குறையாமல் இருக்க 90 சதவீத வாய்ப்பு என்று பொருள். பத்திரிகைத் தலைப்பில் வருவது பெரும்பாலும் "இருக்கும்" அளவு, அதிலும் பி50 அல்லது அதற்கு மேல். வங்கி பார்ப்பது "எடுக்கக்கூடிய" அளவு, அதிலும் கீழ்முனை. இரண்டுக்கும் இடையே மூன்று மடங்கு வித்தியாசம் இருந்தால்கூட யாரும் பொய் சொன்னதாக ஆகாது.

பரப்பு எங்கிருந்து வருகிறது? முப்பரிமாண நிலநடுக்க அலை அளவீட்டிலிருந்து, அதாவது செயற்கையாக அனுப்பிய அதிர்வலை பாறையடுக்குகளில் பட்டுத் திரும்பும் நேரத்தைப் பதிவுசெய்து வரையும் படத்திலிருந்து. வாயு நிறைந்த மணற்பாறை அலையை வலுவாகத் திருப்பியனுப்பும். படத்தில் பளிச்சென்று தெரியும். சில வயல்களில் வாயுவும் நீரும் சந்திக்கும் மட்டம்கூட, சாய்ந்த அடுக்குகளை வெட்டிக்கொண்டு ஓடும் தட்டையான கோடாகத் தெரியும். இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே என்று மகிழ்வதற்குள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: துளையில் 5 முதல் 10 சதவீதமே வாயு இருந்தாலும் அந்தப் பளிச்சு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழ் மட்டும் உள்ள, எடுக்க முடியாத வாயு அது. அலைவேகம் வாயுவின் முதல் சில சதவீதத்திலேயே சரிந்துவிடுவதால் 10 சதவீதத்துக்கும் 75 சதவீதத்துக்கும் வேறுபாடு தெரியாது. அடர்த்திதான் வேறுபடும், அதைப் படத்திலிருந்து பிரித்தெடுப்பது கடினம். இன்னொரு சிக்கல், பாறையின் மேலே சிறிதளவு வாயு கசிந்திருந்தால் அலை அங்கே மெதுவாகப் போகும். கீழே உள்ள அமைப்பு உண்மையைவிட ஆழமாக, சிலசமயம் பள்ளமாகக்கூட, படத்தில் விழும். நேரத்தை ஆழமாக மாற்றும்போது வேகத்தில் 1 சதவீதப் பிழை வந்தால் 3,000 மீட்டரில் அது 30 மீட்டர். நம் வயலின் வாயு உயரமே 50 மீட்டர்தான்.

வாயு–நீர் எல்லையை எப்படிப் பிடிக்கிறார்கள்

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் மதிப்பீட்டின் பாதிச் சண்டை இங்கேதான்.

கண்டுபிடிப்புக் கிணறு பெரும்பாலும் அமைப்பின் உச்சியில் போடப்படும். அங்கே மணல் முழுவதும் வாயுவாகவே இருக்கும், அடியில் களிப்பாறை வந்துவிடும், நீரைத் தொட்டிருக்காது. "இதுவரை வாயு" என்று மட்டும் சொல்லலாம், "எதுவரை வாயு" என்று சொல்ல முடியாது. அப்போது கம்பியில் ஒரு கருவியை இறக்கி, பல ஆழங்களில் பாறைச்சுவரில் சிறு குழாயை அழுத்தி, துளிக்கணக்கில் திரவத்தை உறிஞ்சி அழுத்தத்தை அளப்பார்கள். நம் வயலின் வாயுவில் ஒரு மீட்டர் இறங்கினால் அழுத்தம் 0.018 பார் கூடும். நீரில் ஒரு மீட்டருக்கு 0.1 பார். இரண்டு கோடுகளையும் வரைந்து நீட்டினால் அவை சந்திக்கும் ஆழமே எல்லை.

கேட்க அழகாக இருக்கும். இரண்டு கோடுகளின் சரிவு வித்தியாசம் மீட்டருக்கு 0.082 பார். ஏதாவது ஒரு கோடு 0.4 பார் தள்ளி விழுந்தால் எல்லை 5 மீட்டர் தள்ளிப்போகும். 60 சதுர கிலோமீட்டரில் 5 மீட்டர் என்பது 30 கோடி கன மீட்டர் பாறை, மொத்தத்தில் 10 சதவீதம். நீரின் கோடு இந்தக் கிணற்றில் கிடைக்காதபோது பக்கத்துப் பழைய கிணற்றிலிருந்து கடன் வாங்குவார்கள். அந்தக் கிணற்றின் நீர்ப்படுகை வேறொரு பிளவுக்கு அப்பால் இருந்து, அழுத்தம் 2 பார் குறைவாக இருந்தால், எல்லையை 24 மீட்டர் ஆழமாகக் கணக்கிட்டிருப்போம். காகிதத்தில் வயல் வீங்கும். ஒரே வயலின் இரண்டு கிணறுகளில் அளந்த வாயுக்கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் இணையாக ஓடினால் அது இன்னும் பெரிய செய்தி. இடையே தடுப்பு இருக்கிறது, ஒரே வயல் என்று நினைத்தது இரண்டு என்று பொருள். அழுத்தமானி ஒன்றையொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படாவிட்டால் அந்த இணைகோடு மானியின் பிழையாகவும் இருக்கலாம். எனவே இரண்டு கிணற்றிலும் ஒரே வகைக் குவார்ட்ஸ் மானி, ஆழத்துக்கு ஒரே அடிப்படைக் கம்பி அளவு என்று பிடிவாதமாக இருப்பது சில்லறை விஷயமல்ல.

எத்தனை மதிப்பீட்டுக் கிணறு? எண்ணை முன்கூட்டிச் சொல்பவரை நம்ப வேண்டாம். ஆழ்கடலில் ஒரு கிணறு பல கோடி டாலர் விழுங்கும். கேட்க வேண்டிய கேள்வி: இந்தக் கிணற்றின் விடை எதுவாக வந்தாலும் நாம் செய்யப்போவது ஒன்றேதான் என்றால், அதை ஏன் தோண்ட வேண்டும்? எல்லை 20 மீட்டர் மேலே இருந்தால் சிறிய குழாய், கீழே இருந்தால் பெரிய குழாய் என்று முடிவு மாறும் இடத்தில்தான் கிணற்றுக்கு மதிப்பு. உச்சியில் இன்னொரு கிணறு தோண்டி "உறுதிப்படுத்திவிட்டோம்" என்று அறிவிப்பது பங்குச்சந்தைக்கு நல்லது, பொறியாளருக்குப் பெரிய பயனில்லை. சரிவின் கீழ்ப்பகுதியில், நீரைத் தொடும்படி தோண்டிய கிணறு மூன்று வேலை செய்யும்: எல்லையைக் காட்டும், நீர்க்கோட்டைத் தரும், நிலநீரின் மாதிரியைத் தரும். அந்த நீர் மாதிரி பிற்பாடு எவ்வளவு முக்கியம் என்பது கீழே வருகிறது. ஒரே கிணற்றின் மேற்பகுதியைப் பயன்படுத்திக்கொண்டு பக்கவாட்டில் இன்னொரு துளையைப் பிரித்து இறக்கினால் செலவு கணிசமாகக் குறையும். கடற்படுகையில் வாய் ஒன்று, அடியில் இரண்டு விடை.

ஓடவிட்டுச் சோதிப்பது

கிணற்றைச் சில நாள் உண்மையாகவே ஓடவிட்டு, வாயுவை ரிக்கிலிருந்து (துளையிடும் மேடையிலிருந்து) வெளியே நீட்டிய கம்பத்தின் முனையில் எரித்து, பிறகு மூடி, அடியில் அழுத்தம் மீள்வதைப் பதிவுசெய்வது உற்பத்திச் சோதனை. முறை இது: முதலில் கிணற்றைச் சுத்தம் செய்யும் ஓட்டம், பிறகு மூன்று நான்கு வேகங்களில் படிப்படியாக ஓட்டம், பிறகு ஒரு நீண்ட நிலையான ஓட்டம், அதைவிட ஒன்றரை இரண்டு மடங்கு நேரம் மூடிவைப்பு. வாயு வேகமாகப் பாயும்போது கிணற்றுச் சுவரருகே கொந்தளிப்பு உண்டாகி, வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் தடையைத் தரும். பல வேகங்களில் ஓட்டாவிட்டால் இந்தத் தடையையும், துளையிடும் சேறு பாறையை அடைத்ததால் வந்த தடையையும் பிரிக்க முடியாது. ஆழ்கடலில் குளிர்ந்த கடற்படுகை வழியாக வரும்போது ஹைட்ரேட் (நீரும் வாயுவும் சேர்ந்து உறையும் பனிக்கட்டி போன்ற பொருள்) கட்டிச் சோதனைக் குழாயே அடைபடும். எனவே கடற்படுகை வால்வுத் தொகுப்பில் மெத்தனால் செலுத்தும் ஏற்பாடு இல்லாமல் தொடங்குவதில்லை.

சோதனை எவ்வளவு தூரம் "பார்க்கிறது"? 100 மில்லிடார்சி ஊடுருவுதிறன் உள்ள நம் பாறையில் 48 மணி நேரத்தில் அழுத்த அலை சுமார் 700 மீட்டர் போகும். வட்டப் பரப்பு ஒன்றரை சதுர கிலோமீட்டர். வயல் 60. ஆகவே "கிணறு தினம் 15 லட்சம் கன மீட்டர் ஓடியது" என்ற அறிவிப்பு பாறை நல்லது என்கிறது, வயல் பெரியது என்று சொல்லவில்லை. இதே சோதனை கெட்ட செய்தியை மட்டும் மிகத் தெளிவாகச் சொல்லும். அந்த வேகத்தில் இரண்டு நாளில் 30 லட்சம் கன மீட்டர் எடுத்திருக்கிறோம். 7,100 கோடியும் இணைந்திருந்தால் வயலின் அழுத்தம் 0.013 பார்தான் இறங்கியிருக்க வேண்டும், அளக்கவே கடினம். மாறாக, மூடியபின் மீண்ட அழுத்தம் தொடக்கத்தைவிட 0.5 பார் குறைவாக நின்றுவிட்டது என்று வையுங்கள். 300 பாரை 0.5-ஆல் வகுத்து 30 லட்சத்தால் பெருக்கினால் 180 கோடி. கிணறு தொட்டிருப்பது 7,100 கோடி கொண்ட வயலை அல்ல, 180 கோடி கொண்ட ஒரு துண்டை. இந்தச் சிறு வகுத்தலை யாரும் கேட்பதற்கு முன்பே செய்து மேசைமேல் வைப்பவர் அந்தக் குழுவில் ஒருவராவது இருக்க வேண்டும்.

சோதனையின்போது எடுக்கும் மாதிரிகளில் மீத்தேன் எவ்வளவு என்பதைவிட மற்றவை எவ்வளவு என்பதே செலவை முடிவு செய்கிறது. கார்பன் டை ஆக்சைடு குழாயை அரிக்கும், திரவமாக்கும் ஆலையில் உறைந்துவிடும். இந்தோனேசியாவின் நாத்துனா டி-ஆல்ஃபா 1973-ல் கண்டுபிடிக்கப்பட்ட ராட்சத வயல். வாயுவில் சுமார் 70 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு என்பதால் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. நார்வேயின் ஸ்லைப்னரில் அது 9 சதவீதம் அளவில். பிரித்தெடுத்து 1996 முதல் கடலடி மணற்பாறையிலேயே திரும்பச் செலுத்துகிறார்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடும் பாதரசமும் இன்னும் தந்திரமானவை. இரண்டும் மாதிரிக் குடுவையின் எஃகுச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து ஆய்வகத்தில் திறந்தால் "இல்லை" என்று அறிக்கை வரும். ரிக்கிலேயே, வாயு ஓடும்போதே அளக்க வேண்டும். பாதரசம் தெரியாமல் தப்பிவிட்டால் குளிர்விக்கும் ஆலையின் அலுமினிய வெப்பமாற்றியைப் பிளந்துவிடும்.

கோதாவரிப் படுகை கற்றுக்கொடுத்தது

இணைப்பு என்ற சொல்லை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்பதற்கு இந்தியக் கிழக்குக் கடலின் கேஜி-டி6 (கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் ஒரு தொகுதி) போதும். அங்கே டி1, டி3 வயல்கள் 2002-ல் கண்டுபிடிக்கப்பட்டன. எடுக்கக்கூடியது 10 டிரில்லியன் கன அடி என்று 2006 திட்டம் சொன்னது. தினம் 8 கோடி கன மீட்டருக்கு வசதிகள் கட்டப்பட்டன. 2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. 2010-க்குப் பிறகு மளமளவென்று சரிந்தது. கிணறுகளில் நீரும் மணலும் ஏறின. எடுக்கக்கூடிய அளவு பிற்பாடு சுமார் 3 டிரில்லியனாகத் திருத்தப்பட்டது. 2020 பிப்ரவரியில் அந்த இரண்டு வயல்களும் மூடப்பட்டன. திட்டமிட்ட கிணறுகளைத் தோண்டாததே காரணம் என்று அரசுத் தரப்பும், நிலவியல் எதிர்பார்த்ததைவிடச் சிக்கலாக இருந்ததே காரணம் என்று இயக்கிய தரப்பும் வாதிட்டன. எது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். அது ஆழ்கடலில் சரிந்து இறங்கிய மணற்கால்வாய்கள் அடுக்கடுக்காகப் படிந்த அமைப்பு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கால்வாய் மணலுக்கும் அடுத்த கால்வாய் மணலுக்கும் நடுவே களித்திரை இருக்கலாம். படத்தில் இரண்டும் ஒரே பளிச்சாகத் தெரியும், வாயு மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாது.

எவ்வளவு எடுக்க முடியும்

வாயு வயலில் எளிமையான ஒரு நேர்கோடு உண்டு: அழுத்தத்தை விலகல் எண்ணால், அதாவது உண்மை வாயு இலட்சிய வாயுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற எண்ணால், வகுத்து (பி/இசட் என்பார்கள்), எடுத்த அளவுக்கு எதிராக வரைந்தால் கோடு நேராக இறங்கும். நம் வயலில் தொடக்கம் 306. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கரைக்கு வாயு தன் சொந்த அழுத்தத்திலேயே போக வேண்டும் என்றால், பாறையில் 100 பார் இருக்கும்போதே ஓட்டம் நின்றுவிடும் என்று வைப்போம். அங்கே பி/இசட் சுமார் 107. எடுத்தது 65 சதவீதம். பிற்பாடு கம்ப்ரசர் வைத்து 40 பார் வரை இறக்கினால் 87 சதவீதம். கம்ப்ரசர் என்ற ஒரு இயந்திரத்தின் மதிப்பு இந்த வயலில் 1,500 கோடி கன மீட்டர் வாயு. இதனால்தான் முதல் நாளில் தேவைப்படாத கம்ப்ரசருக்கு மேடையில் இடமும் எடைத்தாங்கலும் முதலிலேயே ஒதுக்குகிறார்கள். நார்வேயின் ஓஸ்கார்டில் 2015-ல் கம்ப்ரசரைக் கடற்படுகையிலேயே வைத்து ஓட்டத் தொடங்கினார்கள்.

இதில் எண்ணெய்க்காரர்களைக் குழப்பும் ஒரு விந்தை இருக்கிறது. எண்ணெய் வயலில் அடியிலிருந்து தள்ளும் நீர் நண்பன். வாயு வயலில் வலுவான நீர்ப்படுகை எதிரி. நீர் மேலேறும்போது துளைகளில் 25 முதல் 35 சதவீதம் இடத்தில் வாயுவைக் குமிழ்களாகச் சிறைவைத்துவிட்டுப் போகும். அதுவும் அழுத்தம் குறையாததால் நெருக்கி அடைந்த வாயு. நீர் வராத வயலில் 75 முதல் 90 சதவீதம் எடுக்கலாம் என்றால், நீர் துரத்தும் வயலில் 50 முதல் 65-லேயே நின்றுவிடும். இன்னும் மோசம், நீர் அழுத்தத்தைத் தாங்கிப்பிடிப்பதால் தொடக்க ஆண்டுகளில் பி/இசட் கோடு இதமாக, சாய்வு குறைந்து ஓடும். நீட்டிப் பார்த்தால் வயல் பெரியதாகத் தோன்றும். பெரிய வயலும் இப்படித்தான் தெரியும், நீர் புகும் வயலும் இப்படித்தான் தெரியும்.

எப்படிக் கட்டுவது

தூரம், ஆழம், அளவு ஆகிய மூன்றும் சேர்ந்து வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. ஆழமற்ற கடலில் எஃகுக் கால்கள் கொண்ட மேடை இன்றும் மலிவு, பழுது பார்க்க எளிது. நார்வேயின் ட்ரோல் ஏ மேடை 303 மீட்டர் ஆழத்தில் கான்கிரீட் கால்களில் நிற்கும், மொத்தம் 472 மீட்டர் உயரமுள்ள அமைப்பு. அவ்வளவு பெரிய வயலுக்கு அது தகும், சிறியதற்குத் தகாது. ஆழம் கூடினால் கிணற்று வாயை, வால்வுகளை, சேகரிப்புக் குழாய்களைக் கடற்படுகையிலேயே வைத்துத் தொலைவில் உள்ள மேடைக்கோ நேரே கரைக்கோ இழுப்பது வழி. நார்வேயின் ஸ்னோவிட் வயலிலிருந்து கரைக்கு 143 கிலோமீட்டர், கடல்மட்டத்துக்கு மேல் எதுவுமே இல்லை. இஸ்ரேலின் தாமார் 2009 ஜனவரியில் கண்டுபிடிக்கப்பட்டு 2013 மார்ச்சில் ஓடியது: 1,700 மீட்டர் ஆழத்தில் ஐந்தே கிணறு, ஆழங்குறைந்த நீரில் உள்ள மேடைவரை 150 கிலோமீட்டருக்கு 16 அங்குலக் குழாய் இரண்டு. கரை வெகுதூரம், சந்தை அதைவிடத் தூரம் என்றால் மிதக்கும் திரவமாக்கும் ஆலை. ஆஸ்திரேலியக் கடலில் உள்ள அப்படியொரு ஆலையான பிரெலூட் 488 மீட்டர் நீளம். ஆனால் ஒரு வால்வு கசிந்தாலும் மொத்த உற்பத்தியும் நிற்கக்கூடிய நெருக்கமான இயந்திரக்கூட்டம் அது. கரையில் இடம் கிடைக்குமானால் கரையே மேல் என்பது என் கருத்து.

குழாயின் பாதையையும் மறக்கக் கூடாது. நார்வேயின் ஓர்மன் லாங்கே வயல், 8,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஸ்டோரேகா கடலடிச் சரிவு விட்டுச்சென்ற வடுவுக்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சரிவு மறுபடி நிகழுமா என்பதை ஆராயாமல் அங்கே ஒரு கிணறும் திட்டமிட முடியவில்லை.

குழாய்க்குள் நடப்பது

வயல் 90 பாகை, கடற்படுகை 4 பாகை. 100 பார் அழுத்தத்தில் வழக்கமான இயற்கை எரிவாயு, ஈரம் இருந்தால், 20 பாகைக்குச் சற்றுக் கீழேயே ஹைட்ரேட்டாகக் கட்டத் தொடங்கும். பனிக்கட்டி போலிருக்கும், தீ வைத்தால் எரியக்கூடிய திடப்பொருள். குழாயை அடைத்துவிட்டால் ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்கிக் கழற்றப் பார்ப்பது பெரும் ஆபத்து. கட்டி இளகியதும் துப்பாக்கிக் குண்டுபோல் பாய்ந்து வளைவை உடைக்கும். இரண்டு பக்கமும் சமமாக, மெதுவாக இறக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும்.

அதனால் கிணற்று வாயிலேயே ஹைட்ரேட் கட்டாமல் தடுக்கும் எம்.இ.ஜி. (மோனோ எத்திலீன் கிளைக்கால்) என்ற திரவத்தைக் கலக்கிறார்கள். 90 சதவீதச் செறிவில் போய், வழியில் நீரைச் சேர்த்துக்கொண்டு 50 சதவீதம் அளவில் கரைக்குத் திரும்பும். அங்கே நீரைக் கொதிக்கவைத்து நீக்கி மறுபடி அனுப்புவார்கள். இந்தச் சுற்று சுழலும்வரை எல்லாம் நலம். வாயுவிலிருந்து குளிர்ந்து விழும் நீரில் உப்பு இருக்காது. வயலின் நிலநீர் ஒருநாள் கிணற்றுக்குள் ஏறியதும் கதை மாறும். உப்பு மீட்பு ஆலையின் வெப்பக்குழாயில் படியும். அதோடு, கார்பன் டை ஆக்சைடு அரிப்பைத் தடுக்க எம்.இ.ஜி.யில் காரம் சேர்த்து அமிலத்தன்மையைக் குறைக்கும் முறை பயன்பாட்டில் இருக்குமானால், நிலநீரின் கால்சியம் அந்தக் காரத்தோடு சேர்ந்து சுண்ணாம்பாகக் குழாயிலும் வால்விலும் படியும். உடனே காரத்தை நிறுத்திவிட்டு, எஃகின்மேல் படலம் போடும் வேறு அரிப்புத் தடுப்பானுக்கு மாற வேண்டும். மாறும் நாள் எது, அந்த நீரில் கால்சியம் எவ்வளவு, உப்பு எவ்வளவு? மதிப்பீட்டுக் கட்டத்தில் எடுக்காமல் விட்ட நீர் மாதிரி இங்கேதான் கணக்குக் கேட்கும்.

குழாய் விட்டத்தில் இருபக்கமும் இடி. சிறியதாகப் போட்டால் அழுத்தம் வழியிலேயே கரையும். பெரியதாகப் போட்டால் பிற்பாடு உற்பத்தி குறையும்போது வாயுவின் வேகம் போதாமல் திரவம் பள்ளங்களில் தேங்கும். தேங்கியது, மீண்டும் வேகம் கூட்டும் நாளில் ஒட்டுமொத்தமாகக் கரைக்கு வந்து இடிக்கும். அதைத் தாங்கும் பெருங்குழாய்ச் சேகரிப்பான் அளவு போதாவிட்டால் ஆலை நின்றுவிடும். 16 அங்குலம் இரண்டு போடுவது இதற்கு ஒரு பதில்: வயது ஏறியதும் ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றில் வேகத்தைக் காக்கலாம்.

கிணறுகளின் எண்ணிக்கைக்கு ஒரு தோராயக் கணக்கு. எடுக்கக்கூடியது 4,600 கோடி; ஆண்டுக்கு 6 சதவீதம் எடுத்தால் தினம் சுமார் 75 லட்சம் கன மீட்டர். ஒரு கிணறு 25 லட்சம் தாங்கினால் மூன்று போதும்; நான்கு தோண்டுவார்கள். ஒரு கிணறு கெட்டாலும் ஒப்பந்த அளவு நிற்கக் கூடாது என்பதற்காக. இளகிய ஆழ்கடல் மணலில் ஜல்லிப் பொதி வைத்து மணலைத் தடுத்தே கிணற்றை முடிக்க வேண்டும். உலர்ந்திருக்கும்போது ஒட்டிக்கொண்டு நிற்கும் மணல், நீர் வந்ததும் உதிரும். வேகமான வாயுவில் ஒரு கிலோ மணல்கூடச் சோக் வால்வை (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வை) ரம்பம்போல் அறுக்கும்.

கையெழுத்து

விற்பனை ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைக் கவனிக்க வேண்டும்: தினசரி ஒப்பந்த அளவு, எடுக்காவிட்டாலும் பணம் தர வேண்டிய பங்கு, பருவத்துக்கேற்ப ஏற்றியிறக்கும் உரிமை. வாங்குபவருக்கு ஏற்றியிறக்கும் உரிமையைத் தாராளமாகக் கொடுத்தால் அதற்கு ஈடாகக் கிணறும் கம்ப்ரசரும் கூடுதலாகக் கட்ட வேண்டும். அது வணிகத் துறை எழுதிக்கொடுத்துப் பொறியியல் துறை பணம் கட்டும் வரி.

வயல் எல்லைக்கோட்டின்மேல் கிடந்தால் தாமதம் தனி. ஃபிரிக் வயல் நார்வேக்கும் பிரிட்டனுக்கும் இடையே கிடந்தது. 1971-ல் கண்டுபிடிப்பு, 1976-ல் ஒப்பந்தம், 1977-ல் உற்பத்தி. சைப்ரஸின் அஃப்ரோடைட்டி 2011-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு சிறு பகுதி இஸ்ரேல் பக்கம் நீள்வதால் பங்கு பிரிப்பிலேயே பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. பக்கத்தில், இஸ்ரேலின் லெவியதான் 2010 டிசம்பரில் கிடைத்து 2019 டிசம்பர் 31-ல் ஓடியது. எகிப்தின் ஸோர் 2015 ஆகஸ்டில் கிடைத்து 2017 டிசம்பரில் ஓடியது, 1,450 மீட்டர் ஆழத்தில், இரண்டரை ஆண்டுக்குள். வாயுவுக்குப் பசித்த உள்நாட்டுச் சந்தை கரையிலேயே காத்திருந்தது, கட்டுமானமும் மதிப்பீடும் ஒருசேர ஓடின. எல்லோராலும் அப்படி ஓட முடியாது. கடற்படுகை வால்வுத் தொகுதிகளுக்கு ஆர்டர் கொடுத்தால் கைக்கு வர ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டு. குழாய் பதிக்கும் கப்பலுக்கு வரிசை. கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள் ஆண்டில் சில.

முதல் வாயு வரும் நாளில் வால்வைச் சட்டென்று திறக்க முடியாது. மூடிய கிணற்றில் 250 பார், குழாயில் ஒன்றுமில்லை. சோக்கைத் தாண்டும்போது வாயு விரிந்து உறைநிலைக்கு வெகு கீழே குளிரும், எஃகு உடையும் தன்மைக்கு வரும். அதனால் குழாயை முன்கூட்டியே நைட்ரஜனாலோ வாயுவாலோ நிரப்பி அழுத்தம் ஏற்றி, எம்.இ.ஜி. ஓடுவதை உறுதிசெய்து, மெல்லத் திறப்பார்கள். முதல் சில மாதங்களில் மணல் ஒலிமானிகளையும் நீரின் குளோரைடு அளவையும் தினம் பார்ப்பார்கள். குளோரைடு ஏறினால் நிலநீர் வந்துவிட்டது.

மொத்தத்தில் ஐந்து முதல் பத்து சதவீதம் எடுத்தபின், பராமரிப்புக்காக எல்லாக் கிணறுகளையும் ஒன்றாக மூடும் நாளில், அடியில் உள்ள மானிகள் பி/இசட் கோட்டின் முதல் நம்பகமான புள்ளியைத் தரும். குழாய் ஏற்கெனவே பதிந்துவிட்டது, அதை மாற்ற முடியாது. கம்ப்ரசரை முன்னதாகக் கொண்டுவருவது, காலியாக விட்டுவைத்த இணைப்பு வாயில் ஐந்தாவது கிணற்றைச் செருகுவது, நீர் ஏறும் கிணற்றின் வேகத்தைக் குறைத்து மற்றவற்றில் கூட்டுவது ஆகிய மூன்றும்தான் அப்போது கையில் இருக்கும்.